தெரு கூடிச் சொன்ன பதில்

பஸ்ஸுக்குப் பயப்படுகிறவள் என்று என்னைப் பற்றி யாராவது முன்பு சொல்லியிருந்தால், முகத்துக்கு நேராகவே சிரித்திருப்பேன். சித்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸில்தான் என் ஆயுசில் பாதி போயிருக்கிறது. எனக்குப் புடவை வியாபாரம். நாராயணவனத்தில் தறி போட்டிருக்கிறவர்களிடம் எடுத்து, மூட்டையாகக் கட்டி, வீடு வீடாகப் போய் விற்பேன். சித்தூரில் சில தெருக்கள், பாகாலாவில் கொஞ்சம், சந்திரகிரியில் கோட்டைக்குப் போகிற வழியில் சில வீடுகள், அப்புறம் திருப்பதி. வீட்டுக்காரர் போன பிறகு என் பிள்ளையைப் படிக்க வைத்தது அந்த மூட்டைதான். டிரைவர்களுக்கு என்னை அடையாளம் தெரியும். மூட்டையைப் பார்த்தால் வண்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்து, படி என் காலடியில் இருக்கும்படி நிறுத்துவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். பிடிக்காது என்று சொன்னால் அது பொய்.

சந்திரகிரிக்குச் சற்று முன்னால் ஒரு நாள் அது நடந்தது. முன்னே போய்க்கொண்டிருந்த தக்காளி லாரி திடீரென்று சாய்ந்தது. எங்கள் டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் புஸ்ஸென்று பெரிய மூச்சு விட்டு, சறுக்கிக்கொண்டே போய், ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. கண்ணைத் திறந்து பார்க்கிறேன், முன் கண்ணாடியெல்லாம் சிவப்பு. "ஐயோ ஆண்டவரே, எத்தினி பேரு போய்ட்டாங்களோ!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "தக்காளிம்மா அது" என்றார்.

உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை. எனக்கு மணிக்கட்டு எலும்பில் ஒரு விரிசல், அவ்வளவுதான். லாரிக்காரரே, "நசுங்கிப் போகப் போவுது, எடுத்துக்குங்க" என்று சொன்னதால், கை கால் நன்றாக இருந்தவர்கள் மடி நிறையப் பொறுக்கினார்கள். நானும் ஒற்றைக் கையால் கொஞ்சம் பொறுக்கினேன். வீட்டுக்கு வந்து கதையைச் சொல்லிச் சிரித்தேன். மருமகள் அந்தத் தக்காளியில் தொக்கு செய்தாள்.

பயம் அன்றைக்கு வரவில்லை. கட்டுப் பிரித்த பிறகுதான் வந்தது.

மூட்டையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். திருப்பதி பஸ் வந்து நின்று புஸ்ஸென்றது. அந்தச் சத்தம் என் காதில் விழவில்லை, வயிற்றில் விழுந்தது. கை சில்லிட்டது, நெஞ்சு தறி மாதிரி அடித்தது. கால் தரையை விட்டு வரவே இல்லை. கண்டக்டர், "அம்மா, எக்கண்டி" என்று தெலுங்கில் ஏறச் சொல்கிறார். மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பினேன். கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. அடுத்த வாரமும் அதே கதை. அப்புறம் குக்கர் ஆவி விட்டாலும் தூக்கிவாரிப் போட்டது. தூக்கத்தில் பள்ளத்துக்குள் சரிந்துகொண்டே இருந்தேன்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமயம் பார்த்துத்தான் அரசாங்கம் எங்கள் பக்கத்தில் பெண்களுக்குப் பஸ்ஸை இலவசமாக்கியது. கொல்லைப்புறம் கூடத் தனியாகப் போகாத எதிர்வீட்டுக்காரி, ஆதார் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு காளஹஸ்தி, காணிப்பாக்கம் என்று ஊரைச் சுற்றுகிறாள். ஆயுசு முழுவதும் டிக்கெட் வாங்கிப் போன நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் முட்டி வலி என்று சொல்லி வைத்தேன். பிள்ளை விடவில்லை, எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் முட்டியைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். "இந்த முட்டி அலிபிரியிலிருந்து மலை ஏறும். பஸ் படி ஏறாதா?" என்று தெலுங்கில் கேட்டார். அப்புறம் என் மணிக்கட்டைப் பார்த்து, இது எப்படி ஆயிற்று என்று விசாரித்தார். நான் தக்காளிக் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவர் சிரிக்கவில்லை. மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்.

"எனக்கு இன்னா பைத்தியமா?" என்றேன்.

"கை ஆறிடுச்சும்மா. கூடவே அடிபட்டது ஒண்ணு இன்னும் ஆறல. அதுக்கும் வைத்தியம் இருக்கு" என்றார்.

அங்கே சொன்ன வைத்தியம் எனக்குப் புதிது. பாதி போனில், பாதி நேரில். போனில் ஒரு பாடத்திட்டம் போட்டுக் கொடுப்பார்களாம். தினமும் காலையில் அது கேள்வி கேட்கும், மூச்சுப் பயிற்சி சொல்லும், வாரத்துக்கு ஒரு பாடம் நடத்தும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமையில் மனசுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அம்மா திருப்பதியிலிருந்து சித்தூர் வருவாள். போனில் நான் சொன்னதையெல்லாம் அவள் தன்னுடைய கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, என்னோடு உட்கார்ந்து பேசுவாள்.

வீடு திரும்புகிற வழியில் பிள்ளை மெதுவாக ஆரம்பித்தான். "போதும்மா. இவ்ளோ நாள் ஒழச்சது போதாதா? வூட்ல உக்காரு."

"உக்காந்து?"

"டிவி பாரு."

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸே ஏறியிருப்பேன். திருப்பதியில் எனக்கு ஒரு பழைய வாடிக்கைக்காரி உண்டு. அவள் கல்யாணத்துக்கே நான்தான் புடவை கொடுத்தேன். இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் பட்டைக் கடையில் எடுத்துக்கொள்வாள். சொந்தக்காரர்களுக்கு வைத்துக் கொடுக்கிற புடவைகள் மட்டும் என் மூட்டையிலிருந்துதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பிள்ளை அதைக் கொரியரில் அனுப்பிவிடலாம் என்றான். நான் மாட்டேன் என்றேன். கடைசியில் அவன் ஒரு தீர்ப்புச் சொன்னான்: "சரி, இந்தக் கல்யாணத்துக்கு நீயே பஸ் ஏறிப் போய்க் குட்த்துட்டு வா, அப்புறம் வியாபாரத்த பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். முடியலன்னா இதோட வுட்டுடு." அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த மூட்டையை விட்டால் நான் யார்? பிள்ளை வீட்டில் சோறு துன்னுகிற கிழவி. அதை நினைத்துத்தான் போன் வைத்தியத்துக்கு ஒப்புக்கொண்டேன்.

போனில் வந்தது தெலுங்கு. எனக்குத் தெலுங்கு பேசத் தெரியும், பேரம் பேச இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் இது செய்தி வாசிக்கிறவர்கள் பேசுகிற தெலுங்கு. எழுத்தோ சுத்தமாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து மட்டும், அதுவும் எங்கள் கிறிஸ்தவ சபையின் பாட்டுப் புத்தகத்தில் பழகியது. பாட்டு முன்பே மனப்பாடம் என்பதால் அங்கே வேகமாகப் போவேன். தெரியாத வரி வந்தால் மாட்டுவண்டிதான். அதனால் கேள்விகளை மருமகள் வாசித்துச் சொல்வது என்று ஏற்பாடு.

அவளுக்கு நேரம் கிடைப்பது காலையில் குழாயில் தண்ணீர் வருகிறபோதுதான். குழாய் எங்கள் வாசலுக்கு நேரே. தெருப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு அங்கேதான் நிற்பார்கள்.

"அத்த, நேத்து ராத்திரி எப்டி தூங்குனீங்கன்னு கேக்குது" என்பாள் மருமகள், தெரு முழுக்கக் கேட்கும்படி.

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக்காரி, "நல்லா தூங்கினாங்கன்னு போடு. கொறட்ட எங்க வூட்டுக்கே கேட்டுச்சு" என்பாள்.

"அது உங்க வூட்டுக்காரர் கொறட்டடி" என்பேன் நான்.

"மனசுல பயம், கலக்கம் இருந்துச்சான்னு கேக்குது."

"அக்காவுக்கா? பயமா? அக்கா பாட்டு எடுத்தா சபை செவுரே அதிருது. அந்தச் சிரிக்கிற மூஞ்சிய அமுக்குடி."

கேள்விக்குக் கீழே மஞ்சள் மஞ்சளாக முகங்கள் இருக்கும். ஒரு கோடியில் அழுகிறது, மறு கோடியில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. மருமகள் என்னைப் பார்ப்பாள். நானும் தலையை ஆட்டுவேன். சிரிக்கிற முகம் அமுங்கும்.

அதில் எனக்குத் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் சபை வழக்கம் அப்படி. பெண்கள் கூடுகையில் ஒவ்வொருத்தியாக எழுந்து, ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்வோம். கஷ்டத்தைச் சொன்னாலும் கடைசியில் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்றுதான் முடிக்க வேண்டும். நன்றாக இல்லை என்று சொல்லி உட்கார்ந்தவள் ஒருத்தியும் கிடையாது. ஆண்டவருக்கே நல்லபடியாகச் சொல்கிறோம், ஒரு போனுக்கு அழுதுகொண்டா சொல்வது?

இரண்டாவது சனிக்கிழமை கவுன்சிலர் அம்மாவைப் பார்க்கப் போனேன். சின்ன வயசு. பிறந்தது குடியாத்தம் பக்கம், திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவள். அதனால் தமிழிலேயே பேசினாள். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். அதில் என் பதில்களையெல்லாம் வைத்துப் போட்ட ஒரு கோடு, மேலே மேலே போய், உச்சியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தது.

"அம்மா, இதப் பாத்தா நீங்க எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே கொணமாயிட்டீங்க."

"ஸ்தோத்திரம்" என்றேன்.

"இந்த வாரம் பஸ் ஏறுனீங்களா?"

நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

"பஸ் ஸ்டாண்டாவது?"

"வாசல் வரைக்கும் போனேன். ஆட்டோ ஸ்டாண்டு கிட்ட திரும்பிட்டேன்."

"அப்போ நான் இந்தப் போன நம்பறதா, உங்க கால நம்பறதா?"

அப்புறம் யார் வாசிக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் குழாயடியைச் சொன்னேன், எதிர்வீட்டுக்காரியைச் சொன்னேன், குறட்டையைச் சொன்னேன். அந்தப் பெண் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இத்தினி நாளா நான் உங்க தெருவுக்கே வைத்தியம் பாத்துக்கினு இருந்தேனா!" என்றாள். எனக்கு முதலில் ரோஷம் வந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். அவளோடு எனக்கு ஒட்டுதல் வந்தது அந்தச் சிரிப்பில்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அம்மா, போனுக்கு சாட்சி வேணாம். வலிக்கிற எடத்துல டாக்டர் கை வெச்சா 'ஆ'ன்னு சொல்வீங்க இல்ல? அது மாதிரிதான் இது. நீங்க சிரிக்கிற மூஞ்சிய அமுக்குனா அது அடுத்த பாடத்துக்குப் போய்டும். உங்க பயம் பழைய பாடத்துலயே நின்னுக்கினு இருக்கும்."

அன்றைக்கே ஏற்பாட்டை மாற்றினாள். கேள்விகளையெல்லாம் தன் குரலிலேயே தமிழில் பேசி எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். அதைக் கேட்டுவிட்டு நானே முகத்தை அமுக்க வேண்டும். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது.

யாரும் இல்லாத இடம் எங்கள் வீட்டில் ஏது? மொட்டை மாடிக்குப் போனேன். துணிக்கொடியில் பிள்ளையின் லுங்கிக்கும் மருமகளின் புடவைக்கும் நடுவில் நின்றுகொண்டேன். "நேத்து ராத்திரி எப்படி தூங்குனீங்கம்மா?" என்று அவள் குரல் காதுக்குள் கேட்டது. விரல் வழக்கமாகப் போகிற பக்கமே போனது. நிறுத்தினேன். சுற்றிப் பார்த்தேன், ஒரு காக்கா மட்டும் இருந்தது. அழுகிற முகத்தை அமுக்கினேன்.

வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மத்தியானம் அந்தப் பெண் போன் செய்தாள். "இன்னிக்கு ரொம்ப நல்ல வேல பண்ணீங்கம்மா" என்றாள். நன்றாக இல்லை என்று சொன்னதற்கு என்னை ஒருவர் மெச்சியது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய், காய்ந்த லுங்கியையும் புடவையையும் எடுத்து மடித்தேன். மனசு லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு பாடம் பிடிபட ஆரம்பித்தது. ஒரு பாடத்தில் நாய் வந்தது. வீட்டு நாய் ஒருமுறை திருடனைப் பார்த்துவிட்டால் அப்புறம் பால்காரனைப் பார்த்தும் குரைக்கும். அதற்காக நாயை அடிக்கவும் கூடாது, பால்காரனை வராதே என்று சொல்லவும் கூடாது. பால்காரன் தினமும் வர வேண்டும், நாய் தானாக வாலை ஆட்டும். என் நெஞ்சுக்குள் குரைத்துக்கொண்டிருந்தது அந்த நாய்தான். பஸ்தான் பால்காரன்.

முதலில் வெறும் சத்தம். மருமகள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பஸ் நிற்கிற சத்தத்தைப் போனில் பிடித்து வந்தாள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, வூட்டுக்குள்ளயே டிப்போ தொறந்துட்டீங்களா?" என்றாள். முதல் நாள் கத்தியைக் கீழே போட்டேன். வாரக் கடைசியில் சத்தம் சத்தமாக மட்டும் இருந்தது.

அப்புறம் பஸ் ஸ்டாண்டில் போய்ச் சும்மா நிற்பது. அதற்கப்புறம் நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கிவிடுவது. கண்டக்டர் வந்து, "எங்கம்மா போறீங்க?" என்றார்.

"எங்கியும் இல்ல நைனா. கொஞ்சம் உக்காந்துட்டு எறங்கிடறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஃப்ரீன்னு சொன்னாலும் சொன்னாங்க..." என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

சித்தூருக்குள்ளேயே கொஞ்ச தூரம் போகிற பாடம் வந்தபோது நான் சுலபமாகப் போய் வந்தேன். பெருமையாகச் சொன்னேன். கவுன்சிலர் அம்மா, "எப்டி போனீங்க?" என்று கேட்டாள். "கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கினே போனேன்" என்றேன்.

"ஜெபம் பண்ணுங்க. கண்ண மூடாதீங்க. பஸ் போறத உங்க கண்ணு பாக்கணும். பாத்தாத்தான் அந்த நாய்க்குப் புரியும்."

"கண்ணத் தொறந்துக்கினு எவளாவது ஜெபம் பண்ணுவாளா?"

"டிரைவர் சாமி படத்தத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தானே வண்டி எடுக்குறாரு? அவரு கண்ண மூடிக்கினா நீங்க ஏறுவீங்களா?"

சரி, திறந்துகொண்டே பண்ணிப் பார்க்கிறேன் என்றேன். பேரத்தில் நான் இறங்கி வருவது அபூர்வம். அவள் ரொம்பச் சந்தோஷப்பட்டாள்.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கியது. நாராயணவனத்திலிருந்து புடவை வந்து இறங்கியது. மூட்டை கட்டுகிறபோது பிள்ளை பக்கத்தில் வந்து நின்றான். "கூட வரட்டுமாம்மா?" என்றான். "நீ வந்தா நான் போனதா ஆவாது" என்றேன். அவன் மூட்டையின் முடிச்சை இன்னொருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

ஜன்னல் ஓரம், மூட்டை காலடியில். பஸ் ஊரைத் தாண்டியது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பாட்டு ஒன்றை வாய்க்குள் முணுமுணுத்தேன். பாகாலா தாண்டியது. சந்திரகிரி வருவதற்கு முன்னால், பழைய இடம் நெருங்க நெருங்க, நாய் எழுந்துகொண்டது. போனை எடுத்தேன், அழுகிற முகத்துக்குப் பக்கத்து முகத்தை அமுக்கினேன். பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "ஏம்மா, எவரிக்கி மெசேஜு? யாருக்கு?" என்றாள். "என் நாய்க்கு" என்றேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அந்த இடம் வந்தது. பள்ளத்தில் புல் முளைத்திருந்தது. ஒரு எருமை மேய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அது பின்னால் போய்விட்டது.

திருப்பதியில் வாடிக்கைக்காரியின் வீட்டுக் கூடத்தில் மூட்டையைப் பிரித்தேன். அவள், அவள் நாத்தனார், பெரியம்மா எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு புடவையைத் தூக்கி, "இதென்ன சாயம், வெளுத்துப் போனாப்பல இருக்கு" என்றாள் பெரியம்மா. "உங்க கண்ணுக்குக் கண்ணாடி மாத்துங்க, சாயம் தானா வரும்" என்றேன். கூடமே சிரித்தது. நாத்தனார், "இந்த வயசுல சொமந்துக்கினு வரணுமா, கொரியர்ல அனுப்பியிருக்கலாமே" என்றாள். "கொரியர்காரன் உங்ககூட பேரம் பேசுவானா?" என்றேன். ஒரு புடவைகூட மூட்டையில் மிஞ்சவில்லை. காபி கொடுத்தார்கள், தாம்பூலம் கொடுத்தார்கள். அப்படியே அந்த ஊரிலேயே இருக்கிற கவுன்சிலர் அம்மாவின் கிளினிக்குக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவள் எழுந்து நின்று, "எப்படி வந்தீங்க?" என்றாள். "கண்ணத் தொறந்துக்கினு" என்றேன்.

போனை மட்டும் நம்பியிருந்தால் நான் சிரிக்கிற முகத்தோடு வீட்டிலேயே கிடந்திருப்பேன். அவளை மட்டும் நம்பியிருந்தால் இரண்டு சனிக்கிழமைக்கு நடுவில் எல்லாம் மறந்துபோயிருக்கும். தினமும் கேட்க அது வேண்டும், சொன்னது மெய்யா என்று முகத்தைப் பார்க்க இவள் வேண்டும்.

ஆனால் பாதி வேலைதான் முடிந்திருந்தது. போனவள் திரும்பி வர வேண்டுமே.

சாயங்காலம் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அலைமோதியது. எல்லாம் பெண்கள். சித்தூர் பஸ் வந்து புஸ்ஸென்று நின்றது. காலையில் ஏறிய கால், சாயங்காலம் மறுபடி யோசித்தது. பயம் ஒரேயடியாகப் போகாது, நடு நடுவே எட்டிப் பார்க்கும் என்று கவுன்சிலர் அம்மா முன்பே சொல்லியிருந்தாள். பார்க்கட்டும். ஆனால் நான் யோசிக்கிற நேரத்தில் நாலு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டு ஏறினார்கள். இன்னும் நாலு பேர் ஏறினால் இடம் இருக்காது. நின்றுகொண்டா சித்தூர் போவது? தாம்பூலப் பையைக் கையில் எடுத்தேன், திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே வீசினேன். குறி தப்பவில்லை. டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் போய் விழுந்தது. பை உள்ளே போன பிறகு நான் வெளியே நிற்க முடியுமா? யோசிக்கிற காலையும் இழுத்துக்கொண்டு ஏறினேன்.

என் சீட்டில் காலேஜ் பெண் ஒருத்தி உட்காரப் போனாள். "ஆன்ட்டி, நான்தான் மொதல்ல ஏறுனேன்" என்றாள்.

"நீ மொதல்ல ஏறுன. என் பை அதுக்கும் மொதல்லயே ஏறிடுச்சி. தள்ளும்மா" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே தள்ளி உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது.